யானையும் அங்குசமும்

புதிதாக வீடு கட்டியவரிடம் போய், "வீடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கிரகப்பிரவேசத்தன்று கேட்டால், "பிரமாதம்!" என்பார். முதல் மழைக்காலம் கழிந்த பின் கேட்டால், "அதை ஏன் கேட்கிறீர்கள்!" என்று பெருமூச்சு விடுவார். இரண்டும் சொந்தக்காரருடைய அபிப்பிராயந்தான், இரண்டும் வாஸ்தவந்தான். ஆனால் வீடு வாங்க எண்ணுகிறவனுக்கு உபயோகமான வார்த்தை இந்த இரண்டிலும் இல்லை. அது வேறொரு கேள்விக்கு வரும் பதிலில் இருக்கிறது. "ஐயா, பத்து வருஷம் கழித்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமென்று தோன்றினால், சுவர் இடம் கொடுக்குமா?" என்பதே அந்தக் கேள்வி.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், சென்ற மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவன் எழுதிய கடிதம். அவன் இப்போது படங்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறான். 2019-ம் வருஷத்து "மேக் புரோ" கம்ப்யூட்டர் ஒன்று கைமாறி விலைக்கு வருகிறதாம். "புதிதில் யானை விலை விற்ற யந்திரம், ஸார். இப்போது அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமென்று பார்க்கிறேன். வைத்திருந்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று தாங்கள் படித்துச் சொல்ல வேண்டும். நானே படித்தால் எனக்குப் பிடித்ததை மட்டுந்தான் படிப்பேன்" என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவனுக்கு நூற்றுக்கு நூறு மார்க்குப் போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவன் அவ்வளவு வாங்கியதில்லை.

யந்திர சாஸ்திரத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. என்னிடமுள்ள சாதாரண மடிக் கம்ப்யூட்டரிடம், பரீட்சை மார்க்குகளைக் கூட்டிப் போடுவதற்கு மேல் நான் வேலை வாங்கியதில்லை. ஆனால் பிறர் எழுதியதை நிதானமாகப் படித்து, அதில் எது பெருமை, எது புலம்பல், எது சாட்சியம் என்று பிரித்தெடுப்பது எங்கள் தொழில். ஆகவே ஒப்புக்கொண்டேன். கண்டதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

* * *

மேக் புரோ என்பது அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஆப்பிள் கம்பெனியார் 2006-ம் வருஷத்தில் வெளியிட்ட பெரிய கம்ப்யூட்டர். மேஜைக் கம்ப்யூட்டர் என்று பெயரே தவிர, அநேகர் அதை மேஜைக்கு அடியில்தான் வைத்தார்கள். எடை சுமார் 19 கிலோ. அலுமினியப் பெட்டி, முன்பக்கம் முழுவதும் துளைகள். பாற்கட்டி துருவும் தகட்டின் பெயரையே அமெரிக்கர்கள் அதற்குச் செல்லப் பெயராக வைத்தார்கள். சினிமாப் படம் தொகுப்பவர்கள், சங்கீதம் பதிவு செய்கிறவர்கள், விஞ்ஞானக் கணக்குப் போடுகிறவர்கள் ஆகியோரே அதன் எஜமானர்கள். அதாவது, யந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் அன்றையச் சம்பாத்தியத்தில் துண்டு விழுகிறவர்கள். இதை மனத்தில் வைத்துக் கொண்டால்தான் பின்னால் வரும் கோப தாபங்கள் விளங்கும்.

அந்த முதல் மாதிரியை வைத்திருந்தவர்கள் எழுதியதைப் படித்தால் ஒரு விசேஷம் தெரிகிறது. வேகத்தைப் பற்றி அவர்கள் பேசுவது கொஞ்சம். கதவைப் பற்றிப் பேசுவதே அதிகம். பெட்டியின் பின்புறத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் பக்கத்துத் தகடு முழுவதும் கையோடு வந்துவிடும். உள்ளே நாலு ஹார்டு டிஸ்க்குகளுக்குத் தனித்தனி இழுப்பறை; கம்பி கோக்கும் வேலை கிடையாது. மெமரி போதவில்லையா, மேலும் செருகிக் கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டதா, கழற்றிவிட்டு வேறு போடலாம். துணிச்சல்காரர்கள் பிராஸஸரையே மாற்றினார்கள். 2009-ம் வருஷத்து யந்திரத்தினுள் இருக்கும் நிரந்தர மென்பொருளை மாற்றி, அதை 2010-ம் வருஷத்து யந்திரமாகவே நடமாட விடும் உபாயத்தையும் சொந்தக்காரர்களே கண்டுபிடித்தார்கள்.

பழைய தேரைப் புதுச் சக்கரம் பூட்டி இழுப்பதுபோல, இந்தப் பெட்டிகளை வருஷக் கணக்கில் இழுத்தார்கள். 2018-ம் வருஷத்தில் "மொஜாவே" என்ற இயங்குதளம் வெளிவந்தபோது, தகுந்த கிராபிக்ஸ் கார்டு போட்ட 2010-ம் வருஷத்து மேக் புரோவுக்கும் அதில் இடம் கிடைத்தது. எட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் என்பது எண்பது வயதுக் கிழவர் மாதிரி. அவர் காலையில் எழுந்து வயலுக்குப் போய்வந்தால் வீட்டாருக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமைதான் அவர்கள் எழுத்தில் தொனிக்கிறது.

* * *

2013-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியார் புது மாதிரியைக் காட்டினார்கள். டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 2,999 டாலர். பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள். பெட்டியைக் காணோம்! கன்னங்கரேலென்று பளபளக்கும் ஓர் உருளை. உயரம் 25 சென்டிமீட்டர், குறுக்களவு 17 சென்டிமீட்டருக்கும் குறைவு. பழைய பெட்டி அடைத்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு. உள்ளே முக்கோண வடிவமான அலுமினியத் தூண். அதன் ஒரு முகத்தில் பிராஸஸர், மற்ற இரண்டு முகங்களில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். மூன்றின் உஷ்ணத்தையும் அந்தத் தூண் வாங்கிக் கொள்ள, உச்சியிலுள்ள ஒரே விசிறி காற்றை மேலே இழுத்துவிடும். சத்தம் கேட்காது.

முதல் மாதங்களில் சொந்தக்காரர்கள் எழுதியதைப் படித்தால் கிரகப்பிரவேசத்துக்குப் போனது போல இருக்கிறது. என்ன அழகு! என்ன அமைதி! ஒரு கைப்பையில் வைத்து எடுத்துப் போகலாமே!

அடுத்த வருஷங்களில் சுருதி மாறுகிறது. பழைய ஹார்டு டிஸ்க்குகளை வைக்க உள்ளே இடமில்லை. எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு கம்பி, ஒரு மின்சாரச் செருகி. யந்திரம் சிறுத்தது; மேஜை நிறைந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் அந்த உருளைக்கென்றே வார்க்கப்பட்டவை. கடையில் விற்கும் வேறெதுவும் அங்கே பொருந்தாது. வெளியுலகில் வருஷத்துக்கு வருஷம் புதுக் கார்டுகள் வந்துகொண்டிருந்தன. உருளைக்காரர்கள் ஜன்னலில்லாத வீட்டுக்குள் இருந்துகொண்டு தெருவில் திருவிழாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னங்கரேலென்ற அந்த உருவத்துக்கு "குப்பைத் தொட்டி" என்ற பரிகாசப் பெயரும் நிலைத்துவிட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மெமரியை மாற்ற அந்த உருளையிலும் வழி இருந்தது. கைத்தேர்ச்சியுள்ளவர்கள் பிராஸஸரைக்கூட மாற்றினார்கள். இரண்டு கார்டுகளையும் சமமாக வேலை வாங்கும் மென்பொருளை உபயோகித்தவர்கள் வெகு நாள் திருப்தியாகவே இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த வழியில் போகவில்லை. ஒரே பெரிய கார்டு, அதில் அபார சக்தி என்ற வழியில் உலகம் போயிற்று. மூன்று முகமும் சமமாகச் சூடேறும் என்று நம்பிக் கட்டிய தூணில், ஒரு முகத்தில் மட்டும் எரிமலையை வைப்பது எங்ஙனம்?

2017-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. தன் ரகசியத்தைக் கதவிடுக்கிலும் கசியவிடாத கம்பெனி, சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உஷ்ண விஷயத்தில் தாங்கள் தங்களையே ஒரு மூலையில் கட்டிப் போட்டுக்கொண்டதாக ஒப்புக்கொண்டது. புதுப்பிக்காமல் இருந்ததற்கு வருத்தமும் தெரிவித்தது. பாகங்களை மாற்றிக் கொள்ளக்கூடிய வேறு மேக் புரோ தயாராகிறது, ஆனால் அந்த வருஷத்தில் வராது என்றும் சொல்லிற்று. விற்பனையைப் பார்த்தால், ஐபோன் என்னும் மகா சமுத்திரத்தின் முன்னே மேக் புரோ ஒரு கைப்பிடி ஜலம். அந்தச் சிறு கூட்டம் வருஷக் கணக்கில் விடாமல் சொன்ன அபிப்பிராயம் மலையை அசைத்துவிட்டது. அபிப்பிராயத்துக்கு இப்படியும் ஒரு சக்தி உண்டு என்பதற்காக இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

* * *

மலை அசைந்து பிரசவித்தது 2019-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில். எலியைப் பெறவில்லை, யானையைத்தான் பெற்றது.

மறுபடியும் அலுமினியப் பெட்டி, மறுபடியும் துளைகள். உச்சியிலுள்ள பிடியைத் திருகித் தூக்கினால் மேலுறை முழுவதும் கழன்று, நாலு பக்கமும் கை விடலாம். கார்டு செருக எட்டு இடம், மெமரி செருகப் பன்னிரண்டு இடம், 1.5 டெராபைட் வரை மெமரி கொள்ளும். விலை? 5,999 டாலரில் ஆரம்பம். எல்லாவற்றையும் நிறைத்துக் கேட்டால் 50,000 டாலருக்கு மேல்.

யானையை வாங்குகிறவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று நம்மவர்கள் கேட்பது வழக்கம். இங்கே பேரம் பேசியது வாங்கினவனல்ல. யானையைக் கொடுத்தவரே அங்குசத்துக்குத் தனி விலை சொன்னார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக நாலு சக்கரம் வேண்டுமானால் மேலும் 400 டாலர். யானைக்கு ஜோடியாக வந்த 4,999 டாலர் திரைக்கு நிற்கக் கால் வேண்டுமானால் அதற்கு 999 டாலர். இந்தக் கடைசி விலையைச் சொன்ன மாத்திரத்தில், ஜூன் மாதத்து அறிமுகக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களே முணுமுணுத்தார்கள். சக்கரம் வந்து சேர்ந்த பிறகு, அதற்குத் தடைக்கட்டை இல்லை என்பதும் தெரிய வந்தது. 5,999 டாலருக்குக் கொடுத்த பெட்டியில் சேமிப்பு இடம் 256 ஜிகாபைட். அதே வருஷத்தில் விற்ற ஐபோன் 11 புரோவில் 512 வரை கிடைத்தது!

ஆனால் இந்தச் சக்கரத்தையும் காலையும் பற்றிப் பரிகாசம் செய்தவர்களில் அநேகர் யந்திரத்தை வாங்காதவர்கள். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்ற ரகம். வாங்கி வேலை செய்தவர்கள் எழுதியது வேறு. நாள் முழுவதும் பாரம் ஏற்றினாலும் மூச்சு வாங்குவதில்லை, விசிறிச் சத்தம் ஒலிப்பதிவு அறையில்கூடத் தொந்தரவு செய்வதில்லை என்றார்கள். 2021-ம் வருஷத்தில் புதுக் கிராபிக்ஸ் கார்டுகள் வந்தபோது பழசைக் கழற்றிப் புதுசைச் செருகினார்கள். எல்லாக் கம்பெனிக் கார்டுகளும் நடக்கவில்லையே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. முன்பு மூவாயிரம் டாலரில் நின்ற சாமான்ய வேலைக்காரனை இப்படி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்களே என்று வருந்தியவர்களும் உண்டு. இந்தக் கடைசி வருத்தத்தை நான் பொறாமை என்று தள்ள மாட்டேன். அது சாட்சியம்.

* * *

அப்புறம் நடந்ததுதான் சோகம். யானை விற்பனைக்கு வந்து ஏழு மாதங்கூட முழுசாக ஆகவில்லை. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில், இன்டெல் பிராஸஸர்களை விட்டுவிட்டுச் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் கம்பெனியார் அறிவித்தார்கள். அந்த யானையின் மூளையோ இன்டெல். 2021-ம் வருஷம் அக்டோபரில் ஒரு மடிக் கம்ப்யூட்டரை வெளியிட்டு, ஒரு குறிப்பிட்ட வகைப் படச்சுருள்களை ஓட்டும் வேலையில் இது 28 மையப் பிராஸஸரும் 2,000 டாலர் பெறுமான விசேஷக் கார்டும் வைத்த மேக் புரோவையே மிஞ்சும் என்று அவர்களே சொன்னார்கள். ஐம்பதாயிரம் டாலர் கொட்டி ஸ்டூடியோவில் யானை கட்டியவர் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் எழுதியதில் கோபத்தைவிடத் துக்கமே மிகுதி. பலர் எழுதியதன் சாரம், "யந்திரம் நேற்று எவ்வளவு வேகமாக ஓடிற்றோ, அவ்வளவு வேகமாகவே இன்றும் ஓடுகிறது, நாங்கள்தான் நேற்றைப் போல் இல்லை" என்பதே.

2023-ம் வருஷத்தில், சொந்தச் சில்லு வைத்த மேக் புரோ அதே பெட்டியில் வந்தது, 6,999 டாலர். அதே சில்லை உடைய "மேக் ஸ்டூடியோ" என்ற சிறு பெட்டி 3,999 டாலருக்குக் கிடைத்தது. மூவாயிரம் டாலர் வித்தியாசம் எதற்கு? முக்கியமாக, கார்டு செருகும் இடங்களுக்கு. ஆனால் அந்த இடங்களில் கிராபிக்ஸ் கார்டு நடக்காது. மெமரியும் சில்லோடு சேர்த்தே பொதிந்தது. வாங்கும்போது எவ்வளவோ, ஆயுசுக்கும் அவ்வளவே. உச்ச அளவு 192 ஜிகாபைட். முந்தின பெட்டி கொண்டதில் எட்டில் ஒரு பங்கு. பிராஸஸரும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பங்கிட்டுக் கொள்வதால் வேகம் அபாரம் என்பதும் உண்மை. ஒலிப்பதிவுக் கார்டுகளும் படம் பிடிக்கும் கார்டுகளும் செருக இடம் வேண்டியவர்கள் இதையும் வாங்கிச் சந்தோஷமாகவே இருந்தார்கள். மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்வி: கதவு கேட்டோம், கதவு வைத்தீர்கள், அதன் வழியாகக் கொண்டுவரச் சாமானுக்கு எங்கே போவது?

* * *

ஆக, இத்தனை வருஷத்து அபிப்பிராயங்களையும் படித்து நான் கண்டது இதுதான். விலையைப் பற்றிய கூச்சல் நாலு மாதத்தில் அடங்கிவிடுகிறது. வேகத்தைப் பற்றிய புகழ்ச்சி அடுத்த மாதிரி வரும் வரையில் நிற்கிறது. அழகைப் பற்றிய வர்ணனை தூசி படியும் வரையில். ஐந்தாவது வருஷத்திலும் ஜீவனோடு இருக்கும் அபிப்பிராயம் ஒன்றே ஒன்று: "என் பொருளை நான் மாற்றிக்கொள்ள முடிந்தது" அல்லது "முடியவில்லை". பணம் கொடுத்து ரசீது வாங்கிய அன்று ஒருவன் சொந்தக்காரன் ஆகிறான் என்று நினைக்கிறோம். வாஸ்தவத்தில், தேவை மாறும்போது பொருளையும் மாற்றிக்கொள்ளும் அன்றுதான் அவன் சொந்தக்காரன். அது முடியாவிட்டால் அவன் வாடகைக்காரன். வாடகையை மொத்தமாக முன்கூட்டியே செலுத்திவிட்ட வாடகைக்காரன்.

பிறர் அபிப்பிராயத்தைப் படிக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. எழுதியவர் வாங்கி எத்தனை நாளாயிற்று என்று முதலில் பாருங்கள். அவர் வேலை உங்கள் வேலைதானா என்று அடுத்தபடி பாருங்கள். பாட்டுப் பதிவு செய்கிறவரைத் திருப்திப்படுத்திய யந்திரம் படம் தொகுப்பவரைத் திண்டாட வைக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

என் மாணாக்கனுக்கு நான் எழுதிய பதிலையும் சொல்லிவிடுகிறேன்:

"உடம்பைப் பற்றி எல்லோரும் ஒரே முகமாகப் புகழ்கிறார்கள். பெட்டி உறுதி, கதவு நன்றாகத் திறக்கும், மெமரியும் கார்டும் நீயே மாற்றலாம், விண்டோஸும் போட்டுக் கொள்ளலாம். அந்த அளவில் அது உனக்கு உண்மையாகவே சொந்தமாகும். ஆனால் பாதை முடிகிறது. இன்டெல் யந்திரங்களுக்கு 'டஹோ' என்ற இயங்குதளமே கடைசி என்று 2025-ம் வருஷம் ஜூனில் கம்பெனி அறிவித்துவிட்டது. உன் மென்பொருள்காரர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் கதவைச் சாத்துவார்கள். கையில் ரொக்கம் இருந்து, இரண்டு வருஷத்தில் போட்டதை எடுத்துவிடும் அளவுக்கு வேலை இருந்தால், வாங்கு. கடன் வாங்கி வாங்காதே. கடன் மூன்று வருஷத்துக்கு என்கிறாய். மூன்றாவது வருஷத்தில் தவணை மட்டும் புத்தம் புதிதாக இருக்கும்."

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஒரு பையனைக் கடனிலிருந்து காப்பாற்றிய திருப்தியோடு இருந்தேன். நாலாம் நாள் பதில் வந்தது. நாலே வரி:

"நமஸ்காரம், ஸார். தங்கள் யோசனைக்கு மிகவும் நன்றி. பெட்டி உறுதி, கதவு நன்றாகத் திறக்கும் என்று தாங்களே எழுதிவிட்ட பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. விற்கிறவரிடம் பேசினேன். சக்கரத்தையும் சேர்த்தே தருகிறாராம்!"

கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.